சாப்ட்பால் விளையாடப் போகிறீர்களா?



சாப்ட்பால் என்றால் தமிழில் மென்பந்து. பெயரைக் கேட்டதும், 'பஞ்சு மாதிரி பந்து போலிருக்கிறது, மேலே பட்டாலும் வலிக்காது' என்றுதானே நினைக்கிறீர்கள்? ஏமாந்து விடாதீர்கள்! கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம். சாப்ட்பால் பந்தின் எடையோ 178 முதல் 198 கிராம் வரை. அதன் சுற்றளவு 12 அங்குலம். கையில் வாங்கிப் பார்த்தால், உரித்த சின்னத் தேங்காயைப் பிடித்தது போல இருக்கும்.

பிறகு ஏன் இந்தப் பெயர்? அதற்கு ஒரு கதை உண்டு.

1887ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு படகு சங்கத்தின் கட்டடம். குளிர்காலம். உள்ளே இருந்த இளைஞர்களில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை விளையாட்டாக வீசினார். இன்னொருவர் அதைக் கம்பால் அடித்தார். அதைப் பார்த்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர், அந்தக் கையுறையையே பந்து போல இழுத்துக் கட்டி, துடைப்பக் கம்பை மட்டையாக்கி, ஒரு புது விளையாட்டைத் தொடங்கி வைத்தார். அன்றைய பந்து பெரியது, மெத்தென்று இருந்தது. வெறுங்கையாலேயே பிடிக்கலாம். சிகாகோவில் இன்றும் 16 அங்குலப் பந்தை வெறுங்கையால் பிடித்து விளையாடுகிறார்கள். மற்ற இடங்களில் பந்து சிறிதாகிக் கெட்டியாகி விட்டது. பெயர் மட்டும் பழையபடியே நின்று விட்டது!

ஓர் அணிக்கு 9 பேர். பந்தைக் கைக்குக் கீழாக வீசுவார்கள். அடித்தவர் நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். ஆட்டம் எளிது. ஆனால் பந்து கெட்டி என்பதால், எதைப் போட்டுக்கொண்டு விளையாடுகிறோம் என்பது முக்கியம்.

கையுறை: கையை மூடிப் பாருங்கள்

எங்கள் மாதனூர், ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தோலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மா ஷூ கம்பெனியில் தைப்பார், அப்பா தோல் கம்பெனிக்குப் போவார். அந்த வீட்டு அறிவு சாப்ட்பால் கையுறை வாங்கும்போது கை கொடுக்கும்.

கிரிக்கெட்டில் பந்து தடுப்பவர்களில் விக்கெட் கீப்பருக்கு மட்டும்தான் கையுறை. சாப்ட்பாலில் பந்து தடுக்கும் 9 பேருக்கும் உண்டு. அதுவும் ஒரு கைக்கு மட்டும். எந்தக் கைக்கு? பந்தை எறியாத கைக்கு! வலது கையால் எறிபவர் இடது கையில் மாட்ட வேண்டும். கடையில் இதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

அளவை ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து, பந்து விழும் குழி வழியாக, மணிக்கட்டு ஓரம் வரை பார்ப்பார்கள். 8 முதல் 10 வயது வரை 10 அல்லது 11 அங்குலம் போதும். அதற்கு மேல் 14 வயது வரை பதினொன்றரை, 12 அங்குலம் சரியாக இருக்கும். ஆனால் அளவைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டு கையை மூடிப் பாருங்கள். கையுறையின் வாய் மூட வேண்டும். மூடவில்லையா? பந்து உள்ளே விழுந்தும் துள்ளி வெளியே போய்விடும்.

தோலா, ரெக்சினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும். ரெக்சின் என்றால் துணி தெரியும். தோல் நீண்ட நாள் உழைக்கும். அதற்காக ரெக்சினை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். அது லேசானது, சீக்கிரம் மடங்கும். சின்னப் பிள்ளைகள் பழக அதுவே போதும்.

புதுத் தோல் கையுறை விறைப்பாக இருக்கும். குழியில் பந்தை வைத்து, நாடாவால் கட்டி, இரவு முழுவதும் வைத்திருங்கள். நனைந்தால் துடைத்து நிழலில் காய வையுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் தோல் விறைத்து வெடித்து விடும்.

தலைக்கவசம்: இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது

மட்டை பிடிப்பவரும், தளங்களுக்கு இடையே ஓடுபவரும் ஹெல்மெட் போட வேண்டும். இரண்டு காதையும் மூட வேண்டும். முகத்துக்கு முன்னால் கம்பி வலை இருந்தால் பல்லும் மூக்கும் தப்பிக்கும். போட்டுக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. கீறல் விட்டு வெடித்த ஹெல்மெட்டை ஒட்டுப் போட்டுப் பயன்படுத்தாதீர்கள்.

மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவருக்கு 'கேட்சர்' என்று பெயர். அவருக்கு முகமூடி, தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், முழங்காலையும் சேர்த்து மூடும் கால் கவசம் எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் அந்த இடத்தில் யாரும் உட்காரக் கூடாது.

மட்டை: இருபது எண்ணுங்கள்

பெரியவர்களின் மட்டைக்கே 34 அங்குலம்தான் எல்லை. உங்களில் சின்னவர்களுக்கு 26 முதல் 29 அங்குலம், பெரியவர்களுக்கு 29 முதல் 32 அங்குலம் இருந்தால் நல்லது. ஒரு கையால் பிடியைப் பிடித்து, கையை நேராக நீட்டி, மனதுக்குள் இருபது எண்ணுங்கள். கை நடுங்கித் தாழ்ந்தால் அந்த மட்டை உங்களுக்கு அதிக எடை. பிடியில் சுற்றிய நாடா தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வியர்த்த கையிலிருந்து நழுவிப் பறக்கும் மட்டை, பந்தைவிட ஆபத்தானது!

ஷூவும் உடையும்

'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று இரண்டு சைஸ் பெரிய ஷூ வாங்குவது நம் வீடுகளில் வழக்கம்தான். ஆனால் ஓடித் திரும்பும்போது பெரிய ஷூவுக்குள் கால் புரளும். கணுக்கால் பிசகும். கால் விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். சாக்ஸ் போட்டுக்கொண்டு, மாலை நேரத்தில் அளவு பாருங்கள். காலையைவிட மாலையில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரப்பர் குமிழ் வைத்த அடிப்பாகம் மண் தரையில் நன்றாகப் பிடிக்கும். இரும்பு ஆணி ஷூ பிள்ளைகளுக்கு வேண்டாம்.

முழங்காலை மூடும் பேன்ட், நீளமான சாக்ஸ், கையை வீச இடம் தரும் பனியன் போதும். தளத்தை நோக்கிச் சறுக்கி விழும்போது காலில் சிராய்ப்பு வராது. தோடு, வளையல், கொலுசு, சங்கிலி, கைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்து விடுங்கள். பெண் குழந்தைகளே, கொண்டை வேண்டாம். ஹெல்மெட் உட்காராது. தாழ்வாக ஒற்றைச் சடை போட்டால் போதும்.

யார் எதை வாங்குவது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, 'இவ்வளவும் வாங்க எங்கள் வீட்டில் முடியாதே' என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். நான் ஆசிரியராக இருந்த காலத்தில், ஊருக்கெல்லாம் ஷூ தைக்கும் வீட்டுப் பிள்ளை, 'எனக்கு ஷூ இல்லை சார்' என்று மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி நீங்கள் உட்காரக் கூடாது.

உங்களுக்கென்று சொந்தமாக வேண்டியவை ஷூ, சாக்ஸ், உடை, தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான். மட்டை, ஹெல்மெட், கேட்சர் கவசம் எல்லாம் அணிக்குப் பொது. ஓர் அணி மட்டை பிடிக்கும்போது, அதன் கையுறைகள் சும்மாதானே கிடக்கின்றன? எதிரணி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒன்பது கையுறையில் இரண்டு அணிகள் விளையாடி விடலாம்! ஆனால் இடது கையால் எறியும் தோழனுக்கு என்று ஒரு கையுறை தனியாக இருக்கட்டும்.

ஹெல்மெட் இல்லாத நாளில் கெட்டிப் பந்து வேண்டாம். டென்னிஸ் பந்தில் பழகுங்கள். கையுறை இல்லையா? மெத்தென்ற பெரிய பந்தை வெறுங்கையால் பிடித்துப் பழகுங்கள். சிகாகோக்காரர்களே அப்படித்தானே ஆடுகிறார்கள்! இடுப்பு உயரக் கம்பின் மேல் பந்தை வைத்து அடித்துப் பழகுவதும் நல்ல பயிற்சிதான்.

வாங்குவதாக இருந்தால், பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். 'வளர்ந்ததும் சரியாகிவிடும்' என்றும் வாங்காதீர்கள். இன்றைக்கு இருக்கிற உங்கள் கைக்கும் தலைக்கும் காலுக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

1996 முதல் 2008 வரை நான்கு ஒலிம்பிக்கில் பெண்கள் சாப்ட்பால் இருந்தது. 2021இல் டோக்கியோவில் மறுபடி வந்தது. அப்போது தங்கம் வென்றது ஜப்பான். 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இடம் கிடைத்திருக்கிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, வீராங்கனை எந்தக் கையில் கையுறை போட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். அவர் எந்தக் கையால் எறிவார் என்று பக்கத்தில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி அசத்தலாம்!

நாளைக்கே உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம், 'நம் பள்ளியில் சாப்ட்பால் ஹெல்மெட் எத்தனை இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். செய்வீர்கள்தானே?