காணாமற்போன 69 கிகாபைட்

ஒரு டெராபைட் என்று உறையில் அச்சிட்ட புதிய வன்தட்டை வாங்கிக் கணினியில் பொருத்தினால், விண்டோஸ் திரையில் 931 கிகாபைட் என்றுதான் தோன்றும். இரண்டு டெராபைட் வன்தட்டு 1.81 டெராபைட் எனவும், 500 கிகாபைட் வன்தட்டு 465 எனவும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ, தயாரித்த நிறுவனமே அளவைக் குறைக்கிறதோ என்ற ஐயம் வாங்கியவருக்கு எழுவது இயல்பு. பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற என்னிடம், 'நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?' என்று இது குறித்துக் கேட்பவர்கள் உண்டு. அளவைகளும் சந்தையின் மீதான நம்பிக்கையும் என் துறையின் பழைய பாடங்கள் என்பதால், இக்கேள்வியை நான் தட்டிக்கழிப்பதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டெரா என்றால் ஒரு லட்சம் கோடி. அரசின் நிதிநிலை அறிக்கைச் செய்திகளில் அன்றாடம் நாம் படிக்கும் அதே லட்சம் கோடிதான். தயாரிப்பாளர் ஒரு லட்சம் கோடி பைட் தருவதாகச் சொல்கிறார், தரவும் செய்கிறார். சந்தையில் உள்ள பல ஒரு டெராபைட் வன்தட்டுகளின் முழு அளவை எண்ணினால், சொன்னதைவிட ஏறத்தாழ 20 கோடி பைட் கூடுதலாகவே இருக்கும். படிக்கு மேல் ஒரு கை கொசுறு போடுவதைப் போல!

விண்டோஸோ வேறு படியால் அளக்கிறது. அதற்கு ஒரு கிகாபைட் என்பது நூறு கோடி பைட் அன்று. 1024-ஐ மூன்று முறை பெருக்கினால் கிடைக்கும் 107,37,41,824 பைட். ஒரு லட்சம் கோடியை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள், 931 வரும். எதுவும் காணாமற்போகவில்லை. வன்தட்டின் மீது வலச்சொடுக்கிப் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியைத் திறந்தால் பைட் கணக்கும் கிகாபைட் கணக்கும் ஒரே வரியில் அருகருகே இருப்பதைக் காணலாம்.

இந்த 1024 எங்கிருந்து வந்தது? கணினி நினைவகத்தின் முகவரிகள் இரண்டின் அடுக்குகளாக அமைபவை. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. அது ஆயிரத்துக்கு மிக அருகில் இருந்ததால், பொறியாளர்கள் 'கிலோ' என்ற சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டனர். கிலோபைட் காலத்தில் வேறுபாடு 2.4 விழுக்காடுதான், யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால், இது கூட்டு வட்டியைப் போல வளரும் பிழை. மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10 விழுக்காடு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு சில்லறையாகத் தள்ளுபடி செய்யப்பட்ட வேறுபாடு இன்று வட்டிமேல் வட்டியாக நம் திரையில் நிற்கிறது. (பழைய '1.44 மெகாபைட்' ஃபிளாப்பியின் கதை இன்னும் வேடிக்கை. அது 1440-ஐ 1024-ஆல் பெருக்கிய அளவு. இந்தப் படியிலும் சேராது, அந்தப் படியிலும் சேராது.)

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் இதற்குத் தீர்வு கண்டது. ஆயிரத்தின் அடுக்குகளுக்குக் கிலோ, மெகா, கிகா. 1024-இன் அடுக்குகளுக்குக் கிபி, மெபி, கிபி எனத் தனிப் பெயர்கள். இவற்றில் 'கிலோ'வுக்கு இணையான கிபியும் 'கிகா'வுக்கு இணையான கிபியும் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுவது நமக்கு மட்டும் வாய்த்த தனிக் குழப்பம். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் தன் இயங்குதளத்தைப் பதின்மக் கணக்குக்கு மாற்றிவிட்டது. லினக்ஸின் பல கருவிகள் புதிய பெயர்களைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் மட்டும் 1024-ஆல் வகுத்துவிட்டுக் கிகாபைட் என்றே எழுதுகிறது. அமெரிக்க டன் 907 கிலோ, பிரிட்டன் டன் 1016 கிலோ, மெட்ரிக் டன் 1000 கிலோ. எந்த டன் என்று சொல்லாமல் ஒப்பந்தம் எழுதும் வணிகரை நாம் ஏற்போமா? குற்றம் வன்தட்டின் உறையில் இல்லை, திரையில் இருக்கிறது என்பதே என் தீர்ப்பு.

அமெரிக்க நுகர்வோர் அப்படிக் கருதவில்லை. அங்கே தொடுக்கப்பட்ட வழக்குகளில் வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-இலும், சீகேட் 2007-இலும் சமரசம் செய்துகொண்டன. முன்னது இலவச மென்பொருள் தந்தது. பின்னது விலையில் 5 விழுக்காட்டைத் திருப்பித் தரவும் இசைந்தது. 'ஒரு கிகாபைட் என்பது நூறு கோடி பைட்' என்ற பொடி எழுத்து விளக்கத்தை இன்று உறைகளில் தேடினால் காணலாம். நம் நாட்டில் விற்கும் மடிக்கணினியின் ஒட்டுவில்லையையும் பாருங்கள். '8 ஜிபி' நினைவகம் 1024 கணக்கு. அதே வில்லையில் '512 ஜிபி' சேமிப்பகம் 1000 கணக்கு, திரையில் அது 476 ஆகத் தெரியும். ஒரே வில்லையில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்! பொட்டலப் பொருள்களுக்கான நம் சட்டமுறை எடையளவு விதிகள், 'திரையில் ஏறத்தாழ இவ்வளவு தெரியும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பாதிச் சச்சரவு தீரும்.

எனினும், எல்லாக் குறைவுக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. ஒரு டெராபைட்டுக்கு 931 என்ற கணக்கிலிருந்து சில கிகாபைட்டுகள் குறைந்தால் கவலை வேண்டாம்; கோப்பு அட்டவணையும் மீட்புப் பகுதியும் கொஞ்சம் இடம் பிடிக்கும். பெருமளவு குறைந்தால் விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே கறுப்புப் பட்டையுடன் ஒதுக்கப்படாத இடம் தெரிந்தால், அது பயன்பாட்டுக்கு வராமல் கிடக்கிறது என்று பொருள். பழைய 500 கிகாபைட் தட்டை அப்படியே புதிய ஒரு டெராபைட் தட்டுக்குப் படியெடுத்தவர்களுக்கு இது நேரும். பகுதியை விரித்தால் போதும். மூன்று, நான்கு டெராபைட் தட்டு இரண்டோடு நின்றுவிட்டால், காரணம் எம்பிஆர் என்னும் பழைய பகுப்பு முறை. 512 பைட் கொண்ட கட்டங்களை 32 இரும இலக்கங்களால் எண்ணும் அம்முறைக்கு 2.2 லட்சம் கோடி பைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்ளிருப்பது அழியக்கூடும் என்பதால், தட்டு வெறுமையாக இருக்கும் முதல் நாளே அதைச் செய்துவிடுவது நல்லது. மூன்று டெராபைட் தட்டு 746 கிகாபைட் என்று காட்டினால், பழைய இயக்கியோ இணைப்புப் பெட்டியோ அந்த எல்லையைத் தாண்டியதும் மறுபடி சுழியத்திலிருந்து எண்ணுகிறது என்று கொள்ளலாம்.

உண்மையான மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. அதில் திரை குறைவு எதையும் காட்டாது. சட்டைப்பையில் அடங்கும் '16 டெராபைட்' சேமிப்பகம் இரண்டாயிரம் ரூபாய் என்று இணையத்தில் விளம்பரம் வருகிறது. நெகிழிக் கூட்டுக்குள் இருப்பது ஒரு சிறு நினைவக அட்டையும், பொய்யான எண்ணைச் சொல்லப் பழக்கிய ஒரு சில்லும்தான். கணினி கேட்டால் அது கூசாமல் 16 டெராபைட் கணக்கை ஒப்பிக்கும். உள்ளே இருக்கும் உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது முன்பு எழுதியதன் மேலேயே விழும். கோப்புகளின் பெயர்கள் மட்டும் பட்டியலில் அழகாக நிற்கும். என் பழைய மாணவர் ஒருவர், இப்போது பள்ளி ஆசிரியர், தம் தந்தையின் நாட்குறிப்புகளைப் படமெடுத்து, மகளின் குழந்தைப் பருவப் படங்களோடு இப்படியொரு பெட்டியில் சேமித்துவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டார். நாட்குறிப்புகளின் மூலத் தாள்கள் வீட்டில் இருந்தன. படங்கள் இல்லை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான பொருள் நல்ல பொருளை விரட்டும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய மகிழுந்துகளை வைத்து விளக்கினார். நேர்மையான வன்தட்டு 931 என்று காட்டி வசை வாங்குகிறது. போலி, கேட்ட எண்ணைச் சொல்லி நற்பெயர் பெறுகிறது.

ஆகவே, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். சேமிப்பகத்தை முழுவதும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பெரிய தட்டுக்கு ஒரு முழு நாளுக்கு மேலும் ஆகலாம். இருந்தாலும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அதைச் செய்துவிடுங்கள். அதுவரை மூலக் கோப்பு எதையும் அழிக்க வேண்டாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரையும் முகவரியையும் விற்பனைத் தளம் காட்டியாக வேண்டும். வாங்கும் அன்றே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடும்போது பயன்படும்.