எடைக் குறைப்பும் உணவுக் கணக்கும்

தறிக்குச் செல்லும் பட்டும் சரிகையும் நிறுக்கப்பட்டு, கணக்கில் ஏறிய பின்னரே நெசவாளரிடம் தரப்படுகின்றன. காஞ்சிபுரத்தில் இப்பழக்கத்தை எவருக்கும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எடை குறைய வேண்டியவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் உணவுக் குறிப்பேடும் அத்தகைய கணக்கே ஆகும்.

குறிப்பேட்டில் சோறும் இட்லியும் பெரும்பாலும் தவறாமல் இடம்பெறுகின்றன. விடுபடுபவை எண்ணெய், நெய், சர்க்கரை ஆகியவையே. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. ஒரு தேக்கரண்டி நெய்யில் மட்டும் ஏறத்தாழ 45 கலோரி உள்ளது. நாள்தோறும் நான்கு முறை, இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரையுடன் தேநீர் அருந்துபவர் சர்க்கரையால் மட்டுமே சுமார் 160 கலோரி பெறுகிறார். நமது குடலை இட்லியிலும் அரிசி, உளுந்து, மிளகு, சுக்கு ஆகியவற்றோடு நெய் சேர்கிறது. கோயில் பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. அளவாக உண்டு, அதையும் எழுதினால் போதும்.

உழைப்பைக் கணக்கிடுவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். குழித்தறியில் கைகளும் கால்களும் ஓயாமல் இயங்கினாலும், நாள் முழுவதும் அமர்ந்தே கழிகிறது. களைப்பு மிகுதியாக இருப்பதால் கலோரியும் மிகுதியாகச் செலவாகியிருக்கும் எனக் கொள்ளக் கூடாது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, அமர்ந்த வாழ்க்கையாயின் நாளொன்றுக்கு 1,660 கலோரியும், மிதமான உழைப்பாயின் 2,130 கலோரியும் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு. அரைமணி நேர வேகநடையில் 60 கிலோ எடையுள்ளவர் செலவிடுவது சுமார் 100 கலோரி மட்டுமே. ஆகவே நடையை மட்டும் நம்பி உணவைத் தளர்த்தினால் எடை இறங்காது. எனினும் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் நடை மிகவும் உதவுகிறது. வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடக்க வேண்டும்.

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியெண் 23-ஐ எட்டினாலே அதிக எடையாகக் கருதப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டக் கூடாது. வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதுமானது. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள்.

இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் அதே அளவு பருகி, மருத்துவமனைக்கு வர வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே அழைத்து வாருங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் தாமாக எடைக் குறைப்பைத் தொடங்கலாகாது. அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள்.