கரடிக்குக் கேட்கும்படி நடப்போம்!



இரண்டு நண்பர்களும் கரடியும் கதை உங்களுக்குத் தெரியும்தானே? கரடியைக் கண்டதும் ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்வான். மரமேறத் தெரியாதவன் மூச்சை அடக்கி, செத்தவன் போலப் படுத்துக்கொள்வான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

"நிஜக் கரடியும் அப்படிப் போய்விடுமா?" என்று கேட்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால் சபாஷ்! அருமையான கேள்வி அது. வாருங்கள், பதிலை நம் ஊர்க் கரடியிடமே தேடுவோம்.

முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை என்று நம் மலைக்காடுகளில் இருப்பது ஒரே வகைக் கரடிதான். இலங்கையில் யால, வில்பத்துக் காடுகளில் வாழ்வதும் இதே இனம்தான். சடைசடையாகக் கறுப்பு முடி. நெஞ்சில் வெளிறிய வளைவு ஒன்று. விரல்களில் நீண்டு வளைந்த நகங்கள். நன்றாக வளர்ந்த ஆண் கரடி நூறு கிலோவைத் தாண்டுவதும் உண்டு.

இவ்வளவு பெரிய உடம்புக்கு முக்கியமான சாப்பாடு எது தெரியுமா? கறையான்!

புற்றைக் கண்டதும் கரடி நகத்தால் பறிக்கும். பிறகு வாயைக் குழிக்குள் வைத்து 'பூ'வென்று ஊதி மண்ணைப் பறக்கவிடும். தூசி ஏறாமல் மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். ஆமாம், கதவைச் சாத்துவது போல அதனால் மூக்கைச் சாத்த முடியும்! மேல்வரிசையில் நடுப் பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாக, உதட்டைக் குவித்து ஒரே உறிஞ்சு! அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

சரி, கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். முகத்தைக் குழிக்குள் விட்டு, இவ்வளவு சத்தமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடிக்கு உங்கள் காலடி ஓசை கேட்குமா?

கேட்காது! கண் பார்வையும் அதற்குக் குறைவு. மோப்பம் மட்டும் வெகு கூர்மை. ஆனால் காற்று கரடிப் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசினால், உங்கள் வாசனை அதற்குப் போய்ச் சேராது. அதனால் நீங்கள் பாதை வளைவில் திரும்பும்போது பத்தடி தூரத்தில் கரடி நிற்கும். நீங்களும் திடுக்கிடுவீர்கள், அதுவும் திடுக்கிடும்.

மான் திடுக்கிட்டால் ஓடிவிடும். கரடி ஏன் ஓடுவதில்லை? அது வாழும் காட்டில்தான் புலியும் சிறுத்தையும் இருக்கின்றன. புலியிடமிருந்து ஓடித் தப்ப இந்த உடம்பால் முடியாது. மரத்தில் ஏறினால் சிறுத்தையும் பின்னாலேயே ஏறிவிடும். அதனால் எதிர்த்து நின்று, உறுமி, பாய்ந்து விரட்டும் குணம் தலைமுறை தலைமுறையாக அதற்கு வந்துவிட்டது. புலிக்குக் காட்டும் அதே குணத்தைத்தான் திடீரென்று எதிரே முளைத்த நமக்கும் காட்டுகிறது. நம்மைத் தின்பதற்காக அல்ல, கண்ணுகளா. பயத்தில் பாய்கிறது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும் தாய்க்கு அந்தப் பயம் இன்னும் அதிகம்.

புரிகிறதா? அப்படியென்றால் நாம் செய்ய வேண்டியதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். கரடியைத் திடுக்கிட வைக்கக் கூடாது!

காட்டுப் பாதையில் நாலைந்து பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே நடங்கள். வளைவு வருகிறதா? கையைத் தட்டுங்கள். ஓடைப் பக்கம் தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடும், அங்கே குரலை உயர்த்துங்கள். மனிதக் குரல் தூரத்திலேயே கேட்டுவிட்டால் பெரும்பாலும் கரடி தானே ஒதுங்கிக்கொள்ளும். கூட வரும் வழிகாட்டி "இங்கே யானை இருக்கிறது, பேசாதீர்கள்" என்றால் மட்டும் உடனே வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் சொல்வதுதான் அங்கே சட்டம்.

விடியற்காலையும் அந்திப் பொழுதும் கரடி நடமாடும் நேரம். உண்ணிச்செடிப் புதர்கள், பாறை இடுக்குகள், குகை வாசல்கள் இதெல்லாம் அது படுத்துக் கிடக்கும் இடம். நாவலும் அத்தியும் பழுக்கும் காலத்தில் மரத்தடிக்கு வரும். யாலவில் பாலைப்பழம் பழுத்துவிட்டால் மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து தின்னும். இப்போது கதையில் மரமேறியவனை நினைத்துப் பாருங்கள். பாவம், மரத்தின் மேல் அவனுக்கு என்ன பாதுகாப்பு?

வழியில் தடயமும் பார்க்கலாம். எச்சம் முழுக்கக் கொன்றை விதையோ இலந்தைக் கொட்டையோ தெரிந்தால் அது கரடியுடையதாக இருக்கலாம். பறித்த புற்று கண்ணில் பட்டால் கிட்டப் போகாமல் உற்றுப் பாருங்கள். குழியின் ஓரம் காய்ந்து வெளுத்திருந்தால் பழையது. மண் ஈரமாக, கறையான்கள் இன்னும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தால் கரடி போய் வெகு நேரம் ஆகவில்லை. பெரியவர்களிடம் சொல்லி, அத்தனை பேரும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

தூரத்தில் கரடியே தெரிந்தால்? செல்போனை எடுக்கவே கூடாது. நின்று, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, கரடியைப் பார்த்தபடியே மெல்ல மெல்லப் பின்னால் நகருங்கள். ஓடக் கூடாது. அது நம்மைவிட வேகமாக ஓடும்.

பாய்ந்து மேலே வந்தேவிட்டால் மட்டும், கதையில் மரமேறத் தெரியாதவன் செய்தது போலப் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் முகம் திறந்து கிடக்கும். கரடி முதலில் தாக்குவது தலையையும் முகத்தையும்தான். ஆகவே குப்புற விழுந்து, முகத்தை மண்ணோடு வைத்து, இரு கைகளையும் பின்கழுத்தில் கோத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பை முதுகிலேயே இருக்கட்டும், அதுவும் ஒரு கவசம். கரடி போய்விட்டதா என்று தலையைத் தூக்கிப் பார்க்க அவசரப்படாதீர்கள். இதை வீட்டில் பாய் விரித்து ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள்.

இனி கூடாரத்துக்கு வருவோம். வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டுமே கூடாரம் போடலாம். அங்கே நம்மைக் காட்டிக்கொடுப்பது சாப்பாட்டு வாசனை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட ஊர்களுக்குள் கரடி வருவதும், கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிப்பதும் செய்தித்தாளில் வருகிறதே, படித்திருப்பீர்கள். அந்த மூக்கு அவ்வளவு பொல்லாதது!

அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் இருப்பது வேறு வகைக் கருங்கரடி. ஆனால் மூக்கு விஷயத்தில் அதுவும் சளைத்ததல்ல. காருக்குள் வைத்த தின்பண்டத்துக்காகக் கார்க் கதவையே வளைத்துக் கிழித்துவிடும். 1998-இல் மட்டும் அங்கே இப்படிப்பட்ட கரடித் தொல்லைகள் 1,500-க்கும் மேல். பிறகு முகாம்களில் உணவு வைக்க இரும்புப் பெட்டிகள் அமைத்தார்கள். மலையேறுபவர்களுக்கு உறுதியான உணவு டப்பாக்களைக் கட்டாயமாக்கினார்கள். தொல்லை மளமளவென்று குறைந்தது.

அந்த மாதிரி டப்பாக்களைச் சோதிப்பவர்கள் யார் தெரியுமா? கரடிகளேதான்! அதே அமெரிக்காவில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற ஊரில், காட்டுக்குத் திரும்ப முடியாத கரடிகளை வைத்துப் பராமரிக்கும் மையம் ஒன்று உண்டு. டப்பாவுக்குள் மீன், கடலை வெண்ணெய் என்று வாசனைப் பண்டங்களை அடைத்துக் கரடியிடம் கொடுப்பார்கள். கடிக்கும், உருட்டும், மேலே ஏறிக் குதிக்கும். மொத்தம் 60 நிமிடம் கரடி அதோடு மல்லுக்கட்டியும் திறக்கவில்லை என்றால்தான் டப்பா தேறியது. கேட்கவே எவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது, பாருங்கள்!

நம்மிடம் அந்த டப்பா இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம். சமையலும் சாப்பாடும் கூடாரத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளியே நடக்கட்டும். மிச்ச உணவைக் காற்றுப் புகாத டப்பாவில் இறுக மூடி, அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். வாழைப்பழத் தோலையும் சிப்ஸ் பாக்கெட்டையும் காட்டில் விடாமல் பையில் போட்டு ஊருக்கே கொண்டு வந்துவிடுங்கள். நம் சாப்பாட்டு ருசி கண்ட கரடி மனிதர்களைத் தேடி வரத் தொடங்கும். கடைசியில் அதைக் கூண்டில் பிடித்து எங்கோ கொண்டுபோய் விடுவார்கள். ஒரு பாக்கெட்டுக்காக அது தன் காட்டையே இழக்கலாமா?

பற்பசையும் வாசனைச் சோப்பும்கூடக் கூடாரத்துக்குள் வேண்டாம். கரடி மூக்குக்கு அதுவும் தின்பண்டம்தான். தூங்கப் போகும் முன் சட்டைப் பையையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மத்தியானம் போட்ட கடலைமிட்டாய் இன்னும் அங்கேயே இருந்தாலும் இருக்கும்!