அப்பளத்துக்கு வரி இல்ல, மீல்ஸுக்கு உண்டு: கோச்சிங் மெட்டீரியலும் ஜிஎஸ்டியும்

என் தங்கச்சி இந்த வருஷம் நீட் ரிப்பீட்டர் பேட்ச்ல சேர்ந்தா. எங்க வீடு நெமிலிச்சேரி. தினமும் ஸ்டேஷன்ல மின்சார ரயில் பிடிச்சு ஆவடி தாண்டி இருக்கிற ஒரு கோச்சிங் சென்டருக்குப் போறா. ஃபீஸ் 80,000 ரூபாய், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 94,400-ன்னு வாய்மொழியா சொன்னாங்க. அப்பா கம்பெனி சொசைட்டியில லோன் போட்டு மொத்தத்தையும் கட்டிட்டு வந்தார்.

கையில ரெண்டு சீட்டு. ஒண்ணு முறையான பில்: பயிற்சிக் கட்டணம் 60,000, ஜிஎஸ்டி 10,800, மொத்தம் 70,800. இன்னொண்ணு வெள்ளைத் தாள்: "ஸ்டடி மெட்டீரியல் 23,600". அதுல வரியும் இல்ல, ஜிஎஸ்டி எண்ணும் இல்ல. "இன்ஜினியரிங் படிக்கிறியே, இது என்னன்னு பாரு"ன்னு அப்பா என்கிட்ட நீட்டினார். அன்னைக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல வரியோட கதையைச் சுருக்கமா பார்த்துடலாம். பொருளை விற்கும்போது வரி போடுறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ, 1939-ல சென்னை மாகாணத்துல பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்கால குறைஞ்ச வருமானத்தை ஈடுகட்ட அது தேவைப்பட்டது. பிறகு 1959-ல ஒரு விற்பனை வரிச் சட்டம், 2007-ல வாட், 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி. ஜிஎஸ்டிக்கு முன்னாடி பொருளுக்கு மாநிலம் தனியா வரி வாங்கும், சேவைக்கு மத்திய அரசு தனியா வாங்கும். கோச்சிங் சென்டர் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. பாடம் எடுக்கிறது சேவை, புத்தகம் பொருள். குழப்பம் ஆரம்பிக்கிறதே இங்கதான்.

ரெண்டு விதி, ஒரு சிக்கல்

விதி ஒண்ணு: அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. நோட்டுப் புத்தகத்துக்கு இருந்த 12 சதவீதமும் 2025 செப்டம்பர் 22-ல இருந்து இல்ல.

விதி ரெண்டு: கோச்சிங்குக்கு 18 சதவீதம், அதாவது மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9. பள்ளிக்கூடத்துக்கும், சட்டம் அங்கீகரிச்ச பட்டம் தர்ற நம்ம காலேஜ் மாதிரி இடங்களுக்கும் விலக்கு உண்டு. கோச்சிங் சென்டர் பட்டம் தர்றதில்ல, அதனால அந்த விலக்குக்குள்ள வராது. ஒரே நியூட்டன் விதியை வகுப்புல படிச்சா வரி இல்ல, கோச்சிங்ல படிச்சா 18 சதவீதம்.

அப்போ கோச்சிங் சென்டர் தர்ற புத்தகத்துக்கு எந்த விதி?

ஹோட்டல்ல மீல்ஸ் சாப்பிடுறதை நினைச்சுப் பாருங்க. கடையில அப்பளப் பாக்கெட் வாங்கினா ஜிஎஸ்டி இல்ல. அதே அப்பளம் பொரிச்சு இலையில வந்தா, மீல்ஸ் விலை மொத்தத்துக்கும் சாதாரண ஹோட்டல்ல 5 சதவீதம் போடுறாங்க. "அப்பளத்தைக் கழிச்சுட்டு வரி போடுங்க"ன்னு யாரும் சண்டை போடுறதில்ல. நாம வாங்கினது அப்பளத்தை இல்ல, சாப்பாட்டை.

சட்டம் இதைத்தான் 'காம்போசிட் சப்ளை'ன்னு சொல்லுது. இயல்பாவே சேர்ந்து வர்ற பொருளும் சேவையும் ஒரே கட்டா வந்தா, அதுல எது பிரதானமோ அதோட வரி விகிதம்தான் மொத்தத்துக்கும். கோச்சிங்ல பிரதானம் பயிற்சி. மெட்டீரியல் அதோட ஒட்டிக்கிட்டு வர்றது. அதனால மெட்டீரியலுக்கும் 18. இயல்பா சேராத பொருட்களை ஒரே விலையில கட்டித் தந்தா அது 'மிக்ஸட் சப்ளை'. அதுல இருக்கிறதிலேயே உயர்ந்த விகிதம் மொத்தத்துக்கும் பொருந்தும். எப்படிச் சுத்தி வந்தாலும் 18-லதான் வந்து நிக்குது.

2021-ல ராஜஸ்தான்ல இந்தக் கேள்வி நேரடியாவே எழுந்தது. சிமெட்ரிக் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்ங்கிற பயிற்சி நிறுவனம், முன்கூட்டியே தீர்ப்பு சொல்ற ஜிஎஸ்டி ஆணையத்துக்குப் போச்சு. பயிற்சியோட சேர்த்து அச்சடிச்ச மெட்டீரியல், டெஸ்ட் பேப்பர், யூனிஃபார்ம், பை எல்லாம் தர்றோம், இதுக்கு எப்படி வரின்னு கேட்டாங்க. எல்லாம் சேர்ந்து ஒரே காம்போசிட் சப்ளை, பிரதானம் கோச்சிங், 18 சதவீதம்னு பதில் வந்தது. இப்படிப்பட்ட தீர்ப்பு கேட்டவரையும் அவரோட அதிகாரியையும் மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஆனா துறை எப்படி யோசிக்குதுன்னு அதுல தெரியுது.

சேவை வரிக் காலத்துலயும் இதே சண்டை இருந்தது. 2003 ஜூலைல கோச்சிங் மேல சேவை வரி வந்தப்பவே, விலை போட்டு விற்கிற பொதுவான பாடநூலுக்குத்தான் கழிவு, சென்டர் தானே தயாரிக்கிற மெட்டீரியலுக்கு இல்லைன்னு மத்திய வாரியம் சுற்றறிக்கை விட்டது.

அப்போ புத்தகத்துக்கு எப்போதான் வரி இல்ல? வகுப்புல சேராத ஒருத்தர் கவுன்ட்டருக்கு வந்து, விலை அச்சடிச்ச புத்தகத்தை மட்டும் வாங்கிட்டுப் போனா வரி இல்ல. புத்தகம் அதேதான், விற்கிற விதம்தான் வேற. மின்னூலா தந்தா கதை இன்னொரு மாதிரி: அச்சுப் பிரதி இருக்கிற மின்னூலுக்கு 5 சதவீதம், இல்லாததுக்கு 18.

எங்க வீட்டு ரெண்டு சீட்டு

இப்போ கணக்குக்கு வருவோம். எங்ககிட்ட சொன்னது 80,000-மும் அதுக்கு வரி 14,400-மும். பில்லுல இருக்கிற வரி 10,800. மீதி 3,600 எங்க போச்சு?

வெள்ளைத் தாளைப் பாருங்க. 20,000 ரூபாய் மெட்டீரியலுக்கு 18 சதவீதம் 3,600. கூட்டினா 23,600. வரின்னு சொல்லி எங்ககிட்ட வாங்கின 3,600, தாள்ல புத்தக விலையா மாறிடுச்சு. வரின்னு வாங்கின பணத்தை அரசுக்குக் கட்டியே ஆகணும்னு ஜிஎஸ்டி சட்டம் சொல்லுது. ஒரு பையன்கிட்ட 3,600 சின்னத் தொகை. ஒரு பேட்ச்ல 100 பேர் இருந்தா 3,60,000.

அப்பாவும் நானும் போய்க் கேட்டோம். "புக்குக்கு டாக்ஸ் இல்ல சார்"னாங்க. "அப்போ 20,000 மட்டும்தானே வாங்கியிருக்கணும்"னு அப்பா கேட்டார். பதில் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு ஒரே பில் வந்தது: 80,000, வரி 14,400.

இதனால எங்களுக்கு ஒரு ரூபா மிச்சமாகல. சம்பாதிச்சது பில் மட்டும்தான். ஆனா அது சும்மா காகிதம் இல்ல. பாதியில விலக நேர்ந்தா, வெள்ளைத் தாளை வெச்சு 23,600-ஐத் திருப்பிக் கேக்க முடியுமா? 2024 ஜனவரியில மத்திய கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோட்ஸ், மெட்டீரியலுக்குத் தனிக் கட்டணம் கூடாது, ஃபீஸுக்கு ரசீது தரணும், இடையில விலகினா மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாள்ல திருப்பணும்னு அதுல இருக்கு. மாநிலங்கள் எடுத்து நடத்த வேண்டிய வழிகாட்டுதல்தான், சட்டம் இல்ல. இருந்தாலும் பேசும்போது கையில இருக்க வேண்டிய விஷயம்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி

கேட், நீட், டிஎன்பிஎஸ்சி எதுல சேர்ந்தாலும் இதையெல்லாம் பாருங்க:

- பில்லுல 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கா? தமிழ்நாட்டுல பதிவானது 33-ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டா யார் பேருக்கு இருக்குன்னு தெரியும்.
- கட்டின மொத்தப் பணமும் பில்லுல வந்திருக்கா?
- மெட்டீரியலுக்குத் தனிச் சீட்டு தந்தா, "வகுப்புல சேராம புத்தகம் மட்டும் வாங்கலாமா?"ன்னு கேளுங்க. முடியாதுன்னா அது தனி விற்பனை இல்ல.
- வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்க பதிவு பண்ணத் தேவையில்ல. பதிவு இல்லாதவங்க ஜிஎஸ்டின்னு ஒரு பைசா வாங்கக் கூடாது. உங்க தெரு டியூஷன் அக்கா வாங்காதது சரி. அவங்க வாங்கினாதான் தப்பு.

புது பில்லை அப்பா லோன் பேப்பரோட சேர்த்து பீரோவுல வெச்சிருக்கார். லோன் இன்னும் 18 மாசம் இருக்கு.