அருங்காட்சியகத்தில் ஒரு மாதம்

கல்லூரி விடுமுறையில் உங்கள் மகனோ மகளோ சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் பயிற்சி பெற விரும்பினால் தடுக்காதீர்கள். 1620இல் டேனியர் எழுப்பிய தரங்கம்பாடிக் கோட்டையினுள் அத்தகைய ஒன்று உள்ளது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட அவ்வூரின் வரலாற்றை அங்குள்ள பொருட்கள் எடுத்துரைக்கின்றன.

இத்தகைய இடங்களில் மாணவர் கற்பதென்ன? ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, கிடைத்த இடத்தையும் கொடுத்தவரையும் பதிவேட்டில் எழுதுதல். மென்தூரிகையால் தூசி அகற்றுதல். பழஞ்சுவடியருகே பேனாவை விடுத்துப் பென்சிலையே கையாளுதல். பதிவு தவறினால், பொருள் இருந்தும் அதன் வரலாறு மறைந்துவிடும்.

நம் வீட்டுப் பரண்களில், மூதாட்டியர் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் கரையானுக்கு இரையாகின்றன. பழைய காகிதக் கடைக்கும் செல்கின்றன. அவற்றைக் காக்கும் முறையறிந்த பிள்ளை ஒன்று இல்லத்தில் இருப்பது எத்துணைப் பெரும் பேறு! சிந்தியுங்கள்.