முதல் பாய் விரிப்பதற்கு முன்

சிறுசேரி சிப்காட்டிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குப் போகிறவர்கள் பக்கிங்காம் கால்வாயையும் உப்பளங்களையும் தாண்டித்தான் கடலைப் பார்க்கிறார்கள். இவ்வளவு தண்ணீருக்கு நடுவே வேலை பார்க்கும் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கும் ஆசை வந்தால் வியப்பில்லை. பணம் இருந்தால் படகு வந்துவிடும். அதை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கும் நாளுக்குத்தான் தயாரிப்பு வேண்டும். அதில் பெரும்பகுதி காற்றைப் பற்றியது.

இந்தக் கரைக்குப் பாய் பழக்கமானது. பக்கிங்காம் கால்வாயில் சென்னைக்கு விறகும் உப்பும் ஏற்றிப்போன தோணிகள் காற்று வாய்த்தால் பாய் விரித்தன; வாய்க்காதபோது ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். கடலோரக் குப்பங்களின் கட்டுமரங்களும் பாயோடுதான் மீன் பிடிக்கப் போயின. மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள் பெருகிய பிறகு பாய் மறைந்தது. வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி, எது எப்போது திரும்பும் என்று கணிக்கிற பெரியவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

எந்தப் படகு?

தனியாக ஓட்டிப் பழக உலகெங்கும் பலர் தேர்ந்தெடுப்பது புரூஸ் கிர்பி வடிவமைத்த லேசர். இப்போது அதை இல்கா என்கிறார்கள். நீளம் 4.2 மீட்டர், உடல் எடை சுமார் 59 கிலோ, ஒரே பாய். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னாவில் நடந்த போட்டியில் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் ஓட்டியது இதே படகின் ரேடியல் வகை. உடல் அதேதான், பாய் மட்டும் சிறியது, 5.76 சதுர மீட்டர். புதிதாகப் பழகுகிறவருக்கும் அந்தச் சின்னப் பாய் போதும்.

எந்தக் காற்று?

நம் கரை கிழக்குப் பார்த்தது. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும். அங்கே காற்று மேலெழ, கடற்காற்று கரைக்கு வரும். இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். கட்டுமரக்காரர்கள் அந்த விடியற்காற்றில் வெளியே போய், பகலில் கடற்காற்று பிடித்துத் திரும்பினார்கள். கற்றுக்குட்டிக்கோ விடியற்காற்று பெரிய ஆபத்து. கரையோரம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். படகு சுகமாக ஓடும். திரும்பலாம் என்று நினைக்கும்போது காற்று முகத்தில் அடிக்கும்.

ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக வீசினால் கடற்காற்று பிற்பகல் வரை தள்ளிப்போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். பிப்ரவரி, மார்ச்சில் மிதமான கடற்காற்று நிலைத்து வீசும் ஒரு பிற்பகலே முதல் நாளுக்கு உகந்தது.

எந்த இடம்?

திறந்த கடற்கரையிலிருந்து இறக்கவே கூடாது. சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படும் முன் கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசுலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆட்களைக் கரை சேர்த்தன. அந்த அலை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள், அலைத் தடுப்புச் சுவர்களின் காப்பில் இயங்குவதற்குக் காரணம் உண்டு. முட்டுக்காட்டு உப்பங்கழி பக்கம்தான். ஆனால் முன் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும், தண்ணீர் வடியும் நேரத்தில் முகத்துவாரத்தை நெருங்கக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

வடிகால் அடைப்பான், சுக்கான், அடிப்பலகை மூன்றையும் தொட்டுப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள்; கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554 அவரிடம் இருக்கட்டும். எந்தப் படகும் காற்றுக்கு நேர் எதிராக ஓடாது. வளைந்து வளைந்துதான் ஏற முடியும். அதனால் முதல் நாள் காற்றைப் பக்கவாட்டில் வாங்கி ஓட்டுங்கள். போன வழியே திரும்ப அதுதான் சுலபம். பயம் வந்தால் பாயின் கயிற்றைத் தளர்த்துங்கள். பாய் காற்றை விட்டுவிடும், படகு நிதானப்படும். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே, ஆழம் குறைந்த இடத்தில் படகை வேண்டுமென்றே கவிழ்த்து, அடிப்பலகைமேல் ஏறி நிமிர்த்திப் பழகுங்கள். நிமிர்த்த முடியாவிட்டாலும் படகை விட்டு நீந்தாதீர்கள். கவிழ்ந்த படகு மிதக்கும், தேடி வருகிறவர் கண்ணில் படும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில் பாய் பிடிக்கத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும். சிறு படகு இறக்கப் பொதுச் சரிவுத்தளங்கள் வேண்டும். குப்பத்துப் பெரியவர்கள் காற்றைக் கற்றுத்தரும் வகுப்புகள் வேண்டும். அவை வரும்வரை, புதுப் படகு வாங்குகிறவர் முதல் பாடத்தை அந்தப் பெரியவர்களிடமே கேட்கட்டும். உரிய கூலி கொடுத்துக் கேட்கட்டும்.