கள்ளுக்கடை இருந்த இடம்

அரிமளத்தின் பெருமையைச் சொல்லப் புகுவோர் நகரத்தார் எழுப்பிய நெடுமனைகளையும், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளைக்குக் குருவாக விளங்கிய கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானத்தையும் முதலில் சொல்வர், அது நியாயமே. ஆனால் அம்மனைகளுக்குக் கல் சுமந்தோரும், கண்மாய்ப் பாசனத்தில் ஏர் பிடித்தோரும், பாரவண்டி ஓட்டினோரும் பொழுது சாய்ந்தபின் எங்கே கூடினர், எங்கே கடன் சொல்லிக் குடித்துச் சண்டையிட்டுச் சமாதானமாயினர் என்று ஒருவர் கேட்பாராயின், அதற்கு விடை சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. அரிமளம் போன்ற புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர்களில் மறைந்துபோன கள்ளுக்கடை ஒன்றின் ஸ்தானத்தையும் காலத்தையும் கண்டறிய விரும்புவோர் மரத்தையும் சட்டத்தையும் முதியோரின் ஞாபகத்தையுமே துணையாகக் கொள்ள வேண்டும்.

முதலில் மரம். பனம்பாளையை இடுக்கியால் நெருக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிய தோல்போலச் சீவிக் கலயம் கட்டினால், உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிவது பதநீராக நிற்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடிவதோ மரத்திலேயே நொதிக்கத் தொடங்கி, இறக்கும்போதே கள்ளாகிவிடும். மறுநாள் அது காடியாகப் புளித்துவிடுமாதலால் கள்ளை நெடுந்தூரம் கொண்டுபோக இயலாது. ஆகவே கடை தோப்பை அண்டியே நிற்கும். சாராயத்திற்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. அது வடிசாலையில் உற்பத்தியாகி வண்டியில் வந்ததனால், சாராயக்கடையை வண்டிப்பாதையின் ஓரத்தில் தேடுவதே பொருந்தும். பழைய பனைகள் எந்தத் திசையில் அடர்ந்திருந்தன, வயலிலிருந்து வீடு திரும்பும் ஒற்றையடிப் பாதை அவற்றை எந்த இடத்தில் தொட்டது என்று விசாரித்தறிந்தால், தேடவேண்டிய பரப்பு ஒன்றிரண்டு செய்களாகச் சுருங்கிவிடும். அங்கே உழவு போடும்போது மொந்தையின் உடைந்த வாய் ஓடுகள் குவியலாகக் கிளம்புமாயின், அவற்றைப் புறங்காலால் தள்ளிவிடலாகாது.

இடத்தைக் காட்டிலும் காலத்தை நிர்ணயிப்பதிலேதான் பெரும் மயக்கம் நேர்கிறது. ஏனெனில் ஒரே ஊரில் மூன்று தலைமுறைக் கடைகள் இருந்திருக்கக் கூடும். மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானின் ஆட்சி 1948 மார்ச் 3-ஆம் தேதி முடிந்து, சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இணைந்தது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபையால் அதே 1948-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. எனவே ‘ராஜா காலத்துக் கடை’ என்று முதியவர் சொன்னால் அது இவ்விரு சம்பவங்களுக்கும் முற்பட்டது. 1971-இல் கருணாநிதியின் அரசு திறந்த கடைகள் மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் மூடப்பட்டன, 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தவை 1987 ஜனவரி முதல் தேதியோடு முடிந்தன. இன்று ஐம்பது, அறுபது வயதினர் சிறுவராயும் இளைஞராயும் இருந்தபோது கண்ட கடை பெரும்பாலும் இந்தக் கடைசித் தலைமுறையினதே. அதை ராஜா காலத்ததாக எண்ணிவிடின் சரித்திரம் நாற்பது ஆண்டுகள் பிசகிப்போகும்.

ஏடுகளிலும் தடயங்கள் உண்டு. பிரிட்டிஷ் மாகாணத்தில் 1886-ஆம் ஆண்டின் அப்காரி என்னும் மதுத்தீர்வைச் சட்டத்தின்கீழ்க் கடைகள் ஏலத்திற்கு வந்தன. மரவரி முறை வழங்கிய இடங்களில் கள்ளிறக்கும் மரங்களுக்கு இலக்கமிட்டனர். சமஸ்தானமும் தன் ஆண்டறிக்கைகளில் அப்காரி வருமானத்தைப் பதிந்து வந்தது. கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்து 1938 முதல் 1944 வரை வெளிவந்த சமஸ்தான வரலாற்றுத் தொகுதிகளும், புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் ஆயுள் முழுதும் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் பின்னணியை விளக்க உதவும். ஆயினும் இத்தகைய ஏடுகளில் வரவுத் தொகை இருக்குமே தவிர, அத்தொகையைக் காலணா காலணாவாகக் கொண்டுவந்து வைத்த மனிதர்கள் இருக்கமாட்டார்கள்; அவர்களுடைய உழைப்பின் கூலியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் கஜானாவில் சேர்த்துக்கொண்ட ஆட்சிகள் அவர்களை இவ்வளவு எளிதில் மறந்துவிட்டது என் மனத்தை உறுத்துகிறது. ஊர்ப்பெயர்கள் அவ்வளவு விரைவில் மறப்பதில்லை; கள்ளுக்கடை மறியலால் 1921-இல் புகழ்பெற்ற ஈரோட்டில் கள்ளுக்கடைமேடு என்னும் பகுதி இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது.

அக்கடைகளால் அடுப்பெரியாத வீடுகளை நான் மறந்து எழுதவில்லை. அதனாலேயே, விசாரணைக்குப் போகிறவர்கள் ஆடவரைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது என்று வற்புறுத்துகிறேன். குடித்தவர் கடையின் குதூகலத்தைச் சொல்வார். கூலி முழுதும் அங்கே கரையுமுன் கணவனை அழைத்துவர இருட்டில் நடந்துபோன மனைவியும், கருவாட்டையும் அவித்த மொச்சையையும் கடைவாசலில் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த மூதாட்டியும், எந்த வரப்பில் ஏறி எந்த வேலியைக் கடந்தால் கடை வரும் என்பதைத் தப்பாமல் சொல்லுவர். ராஜா காலத்துக் கடையைக் கண்ட பெண்கள் இன்று தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ இருப்பார்கள். பதிவறைகளுக்கு அனுமதி கேட்டு மனுப் போடுமுன் அவர்கள் திண்ணையில் போய் உட்கார வேண்டும்.